எஞ்ஜின் எண்ணெய்: அமெரிக்க முறையும் ஐரோப்பிய முறையும்

சேலம் ஜில்லாவிலும், 1997-ம் ஆண்டில் அதனின்று பிரிந்த நாமக்கல் ஜில்லாவிலும் உழவுக்கு டிராக்டரும், சரக்குக்கு லாரியும், ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் டீசலால் ஓடுகின்றன. நிலமுடையோர் பலர் ஒரே பீப்பாய் எண்ணெயை இவை யாவற்றிற்கும் ஊற்றி வருகின்றனர். இவ்வழக்கம் இப்பொழுது பெருநஷ்டத்துக்கு இடமாகும். காரணத்தைக் கீழே விவரிப்போம்.

எண்ணெய் டின்களில் இருவகைக் குறிகள் காணப்படும். ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெட்ரோலிய ஸ்தாபனத்தின் குறி. டீசல் எண்ணெய்க்கு "ஸி" என்ற எழுத்தில் தொடங்கும். ஏ.ஸி.இ.ஏ. என்பது ஐரோப்பிய மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தின் குறி; 1996-ல் முதலில் வெளிவந்தது; கனரக டீசல் எஞ்ஜின்களுக்கு "இ" எழுத்தை இடும்.

டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதனை முறிக்கக் கால்சியம், மக்னீசியம் முதலியவை சேர்ந்த காரப்பொருள்கள் எண்ணெயில் கலக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் எண்ணெயை மாற்றாமல் நெடுந்தூரம் ஓட்டுவது வழக்கமாதலால், இ4 வகையின் காரமதிப்பு 12-க்குக் குறையலாகாது என்று விதித்தனர். அமெரிக்காவில் 2002-ல் வந்த ஸி.ஐ-4 வகையோ, புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தும் எஞ்ஜின்களில் சேரும் கரியைத் தாங்குவதற்கென வகுக்கப்பட்டது.

காரப்பொருள் எரிந்தபின் சாம்பலாக எஞ்சும். 1-4-2020 முதல் நம் நாட்டில் அமலான பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி வந்த பெரும்பாலான டீசல் லாரிகளின் புகைக்குழாயில் வடிகட்டி உண்டு. அதில் தங்கும் கரியைச் சூட்டினால் எரித்துவிடலாம், சாம்பலோ எரியாது. நாளடைவில் வடிகட்டி அடைபட்டு வண்டி இழுவை குன்றும். ஆகவே அமெரிக்க ஸி.கே-4 வகையிலும், ஐரோப்பிய இ8, இ11 வகைகளிலும் சாம்பல் நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாது. இ4 வகைக்கு 2 பங்கு வரை அனுமதியுண்டு. இன்றைய டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்கில் 10 பங்கே ஆதலின், புதிய வண்டிகளுக்குக் காரம் குறைவதால் தீங்கில்லை.

"டபிள்யூ" என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். 5டபிள்யூ எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரி சென்டிகிரேடிலும், 15டபிள்யூ எண்ணெய் 20 டிகிரியிலும் பரீட்சிக்கப்படுகின்றன. நம் சமவெளியில் அத்தகைய குளிர் ஏது? எஞ்ஜின் புஸ்தகம் கேட்டாலன்றி, 5டபிள்யூவுக்கு அதிக விலை கொடுக்க வேண்டுவதில்லை.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நிறத்தையும் விலையையும் நம்பாது, எஞ்ஜின் புஸ்தகத்திலுள்ள குறியை டின்னிலுள்ள குறியோடு ஒப்பிடுக.

2. வடிகட்டியுள்ள வண்டிக்கும் பழைய டிராக்டருக்கும் எண்ணெயைத் தனித்தனியே வைத்துப் பெயரெழுதுக.

3. புழுதியில் உழும் டிராக்டரின் காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்க. புழுதி புகுந்தால் எவ்வுயர்ந்த எண்ணெயும் எஞ்ஜினைக் காவாது.

4. கழிவெண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது.

எந்நாட்டு எண்ணெய் சிறந்தது என்பதன்று கேள்வி. நம் எஞ்ஜினுக்கு உரியது எது என்பதே கேள்வி. கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.