இலவச மென்பொருளும் எட்டாத வழிகாட்டியும்

திறமூல மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் விலையில்லை. லினக்ஸ் பணிசெயல் முறைமையையும் லிப்ரே ஆபிஸையும் எவரும் பெற்று, பிரதியெடுத்து, அயலவருக்கும் வழங்கலாம், சட்டத்தில் தடையேதுமில்லை. திம்புள்ள தோட்டப்புறத்தில் பழைய கணினியொன்றை வைத்துக் கற்க முனையும் மாணவருக்கு இதைவிட நேர்மையான வழி வேறில்லை. ஆயினும் பல வேளைகளில் அவர் நாடுவது கடையில் ஏற்றித் தரப்படும் களவுப் பிரதியையே. அது பழுதானால் அதே கடைக்காரர் பார்த்துக் கொடுப்பார் என்ற நம்பிக்கைதான் காரணம்.

லினக்ஸில் சிக்கல் நேர்ந்தால் பெரும்பாலும் கிடைப்பது ஆங்கிலக் கையேடு. அதுவும் ஏற்கெனவே அறிந்தவருக்காக எழுதப்பட்டது. 'முனையத்தைத் திறந்து கட்டளையை இடுக' என்று அது தொடங்கும். முனையம் என்பது யாது, திரையில் எங்குள்ளது, கட்டளை ஏற்கப்படாவிடின் செய்வதென்ன என்பன சொல்லப்பட்டிரா. முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது பெரும்பாலும் திரையில் எழுத்தெதுவும் தோன்றாது. அறிந்தவருக்கு இது அற்ப விடயம். புதியவரோ விசைப்பலகை பழுதென்று எண்ணிக் கைவிட்டு விடுகிறார்.

தமிழகத்தில் இக்குறையை உணர்ந்த ஆர்வலர்கள் 2012 ஜனவரியில் 'கணியம்' மின்னிதழைத் தொடங்கினர். அதில் து. நித்யா 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எழுதியவை மின்னூல்களாகவும் வெளிவந்தன. கணியத்தின் ஆக்கங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால், ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின் கீழ் எவரும் அவற்றைத் திருத்தி வெளியிடலாம்.

திருத்தம் இங்கு அவசியமும்கூட. தமிழகத்தார் 'இயங்குதளம்' என்பதை நமது மாணவர் 'பணிசெயல் முறைமை' என்று படிக்கின்றனர். அங்கு தமிழ்99 விசைப்பலகை; இங்கு ரெங்கநாதன். திரையில் ஆங்கிலப் பட்டியலைக் காணும் மாணவருக்குக் 'கோப்பு' என்று மட்டும் எழுதினால் அவர் எதைத் தேடுவார்? அருகே 'ஃபைல்' என்றும் எழுத வேண்டும். தமிழ்ப்பற்றாளர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும்.

இதற்கு வேண்டிய ஆற்றல் இந்நாட்டில் இல்லாமலில்லை. 2004 கடற்கோளையடுத்து 'சஹானா' என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைத் திறமூலமாக உருவாக்கியோர் இலங்கை நிரலாளர்களே. தலவாக்கலை, ஹட்டன் பாடசாலைகளில் தமிழ்மொழி மூலம் பயிலும் தமிழ், முஸ்லிம் மாணவர் கணினி அறையில் கேட்கும் கேள்விகளை ஆசிரியர்கள் கொப்பியொன்றில் குறித்து வரட்டும். ஒரு தவணை முடிவில், புதியவர் எங்கெங்கே தடுமாறுகின்றனர் என்பது தெரிந்துவிடும். விடைகளை அச்சிட்டு, இணையமில்லாத வேளையிலும் பார்க்கும்படி கணினிக்கு அருகிலேயே தொங்கவிடலாம். முதற் பக்கத்தில் அந்தக் கடவுச்சொல் விடயத்தையே எழுதலாம்.