ஏழு மணிக்குக் கட்டில், மூன்று மணிக்கு விழிப்பு

பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்க, தோட்டத்து லயத்தை விட்டு முதியோர் இல்லத்துக்கு வந்த அம்மாயிகளும் தாத்தாமாரும் ஹாலிஎல, பதுளைப் பக்கம் உண்டு. பார்க்கப் போனால் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, “ராவுல நித்திரையே இல்ல” என்பதுதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

65 வயதைத் தாண்டியவருக்கு ஏழெட்டு மணி நேரத் தூக்கம் போதும். ஆள் பற்றாக்குறையால் ஆறு மணிக்கே சாப்பாடு கொடுத்து, ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டால், மூன்று மணிக்கு விழிப்பு வரத்தான் செய்யும். வயது ஏற ஏற உடலின் கடிகாரமும் முன்னே நகர்கிறது. அதுவும் விடியுமுன் ரொட்டி சுட்டுவைத்துவிட்டுப் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியே காலம் கழித்தவர்கள் இவர்கள். நாலு மணிக்கு எழுந்தால் அதற்கு மருந்து தேட வேண்டியதில்லை. விளக்கணைக்கும் நேரத்தை ஒன்பதுக்குத் தள்ளலாம். முந்தி எழுபவர் உட்கார ஓர் இடமும் சின்ன விளக்கும் கொடுக்கலாம்.

பகலில் தொலைந்த வெயில்

ஆயுள் முழுக்க மலையில் வெயிலிலும் மழையிலும் நின்றவர், இங்கே நாள் முழுக்க அறைக்குள் தொலைக்காட்சி முன் தூங்கி விழுகிறார். மார்கழி மூடுபனியிலும் வெளியே உள்ள வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டாவது அரை மணி நேரம் முற்றத்தில் இருக்கட்டும். முடிந்தவர் நடக்கட்டும், கீரை ஆயட்டும். பகல் தூக்கம் அரை மணியோடு நிற்க வேண்டும்.

இரவில் எழுப்புவது பல நேரம் இல்லமேதான். 1990களில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதிப் பராமரிப்பு இல்லங்களில் செய்த ஆய்வுகளில், ஊழியர் போடும் விளக்கும் பேச்சும் பம்பர்ஸ் மாற்ற வருவதும் முதியவர்களை எழுப்பிவிடுவது தெரிந்தது. சத்தத்தைக் குறைத்ததோடு பகலில் உடற்பயிற்சியும் கொடுத்தபோது இரவுத் தூக்கம் கூடியது.

பின்னேரத் தேத்தண்ணி

தேயிலை மண்ணில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடித்த கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் நிற்கும். மூன்று மணியோடு தேத்தண்ணியை நிறுத்தி, பிறகு கேட்டால் இஞ்சி போட்ட கொத்தமல்லி கொடுக்கலாம். சிறுநீர் கழிக்க எழும்புவதும் தூக்கத்தைக் கெடுக்கும். கால் வீங்கியவர் படுத்ததும் காலில் தேங்கிய நீர் இரத்தத்தில் சேர்ந்து சிறுநீராகும். பின்னேரமே கால்களை உயர்த்தி வைத்திருப்பது நல்லது. சிறுநீர் போக்கும் மாத்திரையைக் காலையில் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

“ஒரு குளிசை கொடுங்க”

தூக்கக் குளிசையான டயஸிபாம் முதிய உடலில் நாட்கணக்கில் தங்கும். அந்த மயக்கத்தில் நள்ளிரவில் மலசலகூடத்துக்கு எழும்பித் தள்ளாடி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் அந்த மனிதர் மறுபடி நடப்பதே கஷ்டம். சளிக்குக் கொடுக்கும் பிரிட்டோன் குளிசையைத் தூக்கத்துக்காகக் கொடுப்பதும் ஆபத்து: மனம் குழம்பும், சிறுநீர் அடைக்கும். ஆனால் நெடுநாள் தூக்கக் குளிசை எடுப்பவருக்கு அதைத் திடீரென நிறுத்தக் கூடாது; டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கிளினிக்கில் சொல்ல வேண்டியவை

குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பது, நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுவது, விறகடுப்புப் புகையில் வாழ்ந்தவரின் இரவு இருமல், மூட்டுவலி, சாப்பாட்டில் விருப்பமின்றி விடியுமுன் விழித்து அழுவது ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்கச் சொல்லலாம். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை பழைய பிரச்சினை. இரவில் பார்த்துக்கொள்பவர் கண்டதைக் குறித்துக் கிளினிக் கொப்பியோடு அனுப்பினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்றிரவு திடீரென ஆள் தெரியாமல் பேசினால், சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ பக்கவாதமோ காரணமாகலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்பியுலன்ஸ் சேவைக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.