ஒண்ணு மேல, ஒண்ணு கீழ... ஓலை முடையக் கத்துக்கலாமா?

உங்க வீட்டுப் பரண்ல தேடிப் பாருங்க, ஒரு பழைய ஒயர் கூடை கிடைக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அம்மாவோ சித்தியோ பாட்டியோ லீவு நாள்ல உட்கார்ந்து பின்னினதா இருக்கும். சிவன் கண், நெல்லிக்காய்னு அந்தப் பின்னல்களுக்குப் பேர்கூட உண்டு. ஆனா அந்த பிளாஸ்டிக் ஒயர் நேத்து வந்த விருந்தாளிதான். அதுக்கு ரொம்ப காலத்துக்கு முன்னாடியே பனை ஓலை, கோரை, மூங்கில், தென்னங்கீற்று, வாழைநார்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் நம்ம ஊர்க்காரங்க பின்னிக்கிட்டுதான் இருந்தாங்க.

இதுக்கு நம்ம மொழியே சாட்சி. தறியில் நூல் கோத்துச் செய்தால் 'நெய்தல்', ஓலையில் பெட்டி செய்தால் 'முடைதல்', கூரைக்குப் போட்டால் 'வேய்தல்', நாரைக் கயிறாக்கினால் 'திரித்தல்'. கை செய்யும் ஒவ்வொரு அசைவுக்கும் தனி வினைச்சொல் இருக்கு.

உலக அளவிலும் இது ரொம்பப் பழைய வேலை. ஸ்பெயினின் கிரனாடா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த புல் கூடைகளில் சில, சுமார் 9,500 ஆண்டுகள் பழமையானவை என்று 2023-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தப் பகுதிக்கு விவசாயம் வருவதற்கு முன்பே அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்கள் கூடை பின்னியிருக்கிறார்கள்!

சரி, கையில் போனை வெச்சுக்கிட்டு இதைப் படிக்கிற உங்களுக்கு இதனால என்ன? ஒரு மணி நேரம் ரெண்டு கையும் பிஸியா இருக்கும். நோட்டிஃபிகேஷன் வந்தாலும் எடுக்க முடியாது. கடைசியில கையில ஒரு பொருள் இருக்கும். இந்த மூணும் சேர்ந்து கிடைக்கிற பொழுதுபோக்கு இன்னைக்கு ரொம்பக் கம்மி.

மூணே மூணு அடிப்படை

கூடைன்னு பொதுவா சொன்னாலும், பெரும்பாலானவை மூன்று முறைகளில் ஏதோ ஒன்றில் அடங்கிவிடும்.

முதலாவது, ஓலை முடைவது. ஒரே அகலத்தில் வார்ந்த ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு கொண்டு போவது. இதில் பாவு, ஊடைன்னு வித்தியாசம் கிடையாது. எல்லா ஓலையும் சமம். பனை ஓலைப் பாய், பெட்டி, கொட்டான் எல்லாம் இந்த வகை.

இரண்டாவது, குச்சிக் கூடை. அடியிலிருந்து குச்சிகள் சூரியக் கதிர் மாதிரி விரிந்து நிற்கும். வளையும் தன்மையுள்ள இன்னொரு குச்சியை அவற்றுக்கிடையே சுற்றிச் சுற்றிப் பின்னணும். இதுல ஒரு குட்டிக் கணக்கு இருக்கு. ஒரே குச்சியால் சுற்றினால், நிற்கும் குச்சிகள் ஒற்றைப்படையில் இருக்கணும். அப்பதான் முதல் சுற்றில் மேலே போன இடத்தில், அடுத்த சுற்று தானாகக் கீழே போகும். இரட்டைப்படைன்னா ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விழும், பின்னல் பிடிக்காது.

மூன்றாவது, சுருள் கூடை. புல்லையோ நாரையோ கொத்தாக எடுத்து, நத்தை ஓடு மாதிரி நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு சேர்த்துத் தைப்பது.

டிசைன் எல்லாம் வெறும் எண்ணிக்கைதான். 'ரெண்டு மேல, ரெண்டு கீழ'ன்னு போய், அடுத்த வரிசையை ஒரு ஓலை தள்ளி ஆரம்பிச்சா சாய்கோடு விழும். திசையை மாற்றினால் அதுவே வைர வடிவமாகும். மேல, கீழன்னு இருக்கிற ரெண்டே ரெண்டு நிலையில இத்தனை கோலமும் வருது. கோடிங் தெரிஞ்சவங்களுக்கு ஜீரோவும் ஒன்றும் ஞாபகம் வரலாம்.

பத்தமடை, செட்டிநாடு, காஷ்மீர்

திருநெல்வேலி மாவட்டத்தின் பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையில் பாய் நெய்கிறார்கள். கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, காயவைக்கிறார்கள். நயமான பாய்க்கு அதைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் மெல்லிசாகக் கிழிக்க வேண்டும். பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக வைத்து நெய்த பத்தமடைப் பாய், துணி மாதிரி மடிக்க வரும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருவார்கள்.

செட்டிநாட்டுக் கொட்டான் வேறு கதை. பனை ஓலையில் முடைந்த சிறு பெட்டிக்கு வண்ணம் சேர்த்து, பாசிமணி, குரோஷா வேலை எல்லாம் செய்து, கல்யாணத்தில் சீர் வைக்கப் பயன்படுத்தினார்கள். வீட்டு ஆச்சிகளே முடைந்த பொருள் அது. பத்தமடைப் பாய், செட்டிநாடு கொட்டான் ரெண்டுக்குமே புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு.

வடக்கே போனால் வில்லோ. 'காஷ்மீர் வில்லோ' பேட்ல விளையாடியிருப்பீங்களே, அந்த மரக் குடும்பம்தான். அடிமரத்தில் பேட் வருது, இளங்குச்சிகளில் கூடை வருது. குச்சிகளை அறுத்துக் கட்டி, பெரிய கொப்பரையில் வேகவைத்து, பட்டையை உரித்து, காயவைப்பார்கள். பின்னும் முன் மறுபடி தண்ணீரில் ஊறவைத்தால்தான் உடையாமல் வளையும். குளிர்காலத்தில் காஷ்மீரிகள் தளர்வான ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரியும் இந்தக் குச்சிப் பின்னல்தான். உள்ளே மண்சட்டி, அதில் கனல், வெளியே குச்சிக்கூடை.

மூணு ஊர், மூணு தாவரம். ஆனா காயவைக்கிறது, ஊறவைக்கிறது, வளைக்கிறதுன்னு பாடம் ஒண்ணுதான். அவசரப்பட்டால் உடையும்.

முதல் கொட்டானை நீங்களே முடையலாம்

ஓலையில் கை வைப்பதற்கு முன் கெட்டியான சார்ட் பேப்பரில் பழகுங்கள். இரண்டு நிறம் எடுத்தால் எண்ணிக்கை குழப்பாது.

1. 40 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் 12 பட்டைகள் வெட்டுங்கள். ஒரு நிறத்தில் 6, இன்னொன்றில் 6.

2. நடுப்பகுதியில் 6-க்கு 6 என்று குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, சின்னச் சதுரப் பாய் ஆக்குங்கள். இடைவெளி இல்லாமல் நெருக்கிவிடுங்கள். நான்கு மூலைகளிலும் துணி கிளிப் மாட்டலாம்.

3. இதுதான் மேஜிக் ஸ்டெப். சதுரத்தின் மூலை, பெட்டியின் மூலை ஆகாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவில், மூன்றாவது பட்டைக்கும் நான்காவது பட்டைக்கும் இடையில்தான் பெட்டியின் மூலை. அந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டு இழுங்கள். தட்டையாக இருந்த பாய் அந்த இடத்தில் எழுந்து நிற்கும். நாலு பக்கமும் இதையே செய்யுங்கள்.

4. இப்போது பட்டைகள் எல்லாம் சாய்வாக மேல்நோக்கி இருக்கும். வழக்கமான மேல, கீழ கணக்கில் சுற்றிலும் பின்னிக்கொண்டே போங்கள்.

5. வேண்டிய உயரம் வந்ததும் நுனிகளை மடித்து, உள்பக்கப் பின்னலுக்குள் செருகுங்கள். கோந்து, ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம்.

கை பழகினதும் ஓலைக்கு மாறுங்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ள வேண்டும். வார்ந்த ஓலையை ஈரத்துணியில் சுற்றிவைத்தால் வளையும். ரொம்ப நனைத்தால் பூஞ்சை பிடிக்கும். முடைந்த பிறகு நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பனை ஓலை கிடைக்காத நகரவாசிகளுக்குத் தென்னங்குருத்து இருக்கு. பந்தலில் தொங்கும் தோரணமும் ஓலைக் கிளியும் அதில் செய்ததுதான்.

தப்பா போயிட்டா? பிரிச்சுட்டுத் திரும்பப் போடலாம். சுட்ட மண்பானை உடைஞ்சா போச்சு, வெட்டின துணி வெட்டினதுதான். ஆனா பின்னலில் எந்த வரிசைக்கு வேணும்னாலும் திரும்பிப் போகலாம். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

விலையைக் கேட்கும் முன்...

ஒரு கொட்டான் முடைஞ்சு முடிச்சதும் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. எத்தனை மணி நேரம் ஆச்சு? அதுக்கு முன்னாடி ஒருத்தர் பனை ஏறியிருக்கணும், ஒருத்தர் ஓலையைக் காயவெச்சு வார்ந்திருக்கணும். இப்போ அடுத்த கண்காட்சியில் ஓலைப் பெட்டியைக் கையில் எடுத்துட்டு, "இதுக்கா இவ்வளவு விலை?"ன்னு கேட்க வாய் வராது.

துணிக்கு விசைத்தறி வந்துடுச்சு. பாய்க்கும் மெஷின் வந்துடுச்சு. ஓலைப் பெட்டிக்கு மூலை திருப்ப இன்னமும் ஒரு மனுஷக் கைதான் வேணும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. பெட்டிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவங்க நிறைய பேர். புவிசார் குறியீடு பேரைக் காப்பாத்தும். கூலியை நாமதான் காப்பாத்தணும்.

மரமும் இதுல சேர்த்திதான். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் வந்த மாநிலத்தின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். ஆனால் மரம் நின்றால் மட்டும் போதாது. ஏறத் தெரிந்தவரும் முடையத் தெரிந்தவரும் இருந்தால்தான் அது ஓலை தரும் மரம். 2019 ஜனவரி 1-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு தடை போட்டபோது எல்லாரும் மாற்று என்னன்னு கேட்டோம். அதுல ஒரு பதில் நம்ம ஊர் எல்லைப் பனையிலேயே இருக்கு.

அதனால இந்த வாரம் ரெண்டு வேலை. சனிக்கிழமை ஒரு சார்ட் பேப்பர் வாங்கி 12 பட்டை வெட்டுங்க. ஞாயிற்றுக்கிழமை தெரிஞ்ச பாட்டி யாராவது இருந்தா, "ஓலைப் பெட்டி முடையத் தெரியுமா?"ன்னு கேளுங்க. தெரியும்னு சொன்னா போனை எடுங்க, வீடியோ எடுக்க மட்டும். எடுத்து முடிச்சதும் கீழே வெச்சுட்டு, அவங்க பக்கத்துல உட்கார்ந்து கையை நீட்டுங்க.