அணைத்து வைத்த மணி மறுபடி ஏன் ஒலிக்கிறது?

நாமக்கல் வட்டாரத்தில் நாள்தோறும் பலர் எதிர்பார்த்திருக்கும் செய்தி முட்டை விலை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் கொள்முதல் விலை, கொஞ்ச நேரத்தில் பண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் வியாபாரியின் செல்போனுக்கும் வந்துவிடும். ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஐந்து பைசா, பத்து பைசாதான். ஆனால் ஒரு நாளைக்கு 80,000 முட்டை எடுக்கிற பண்ணைக்கு ஐந்து பைசா என்பது 4,000 ரூபாய். அதே மேஜைக்கு வேறு செய்திகளும் வந்துகொண்டிருக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் வானிலை ஆலோசனை, தீவன லாரி கிளம்பிய தகவல், வங்கிக் கணக்கில் பணம் ஏறிய விவரம். இவற்றுக்கு நடுவே செய்தித் தளங்களும் ஆன்லைன் கடைகளும் கூவிக்கொண்டே இருக்கும். அதனால் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர் ஒருநாள் உட்கார்ந்து, எது ஒலிக்க வேண்டும், எது திரையின் ஓரத்தில் வந்து போனால் போதும், எது வாயே திறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்து வைத்திருப்பார். அது சின்ன வேலைதான். ஆனால் தொழில் தெரிந்தவர் யோசித்துச் செய்த வேலை.

பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டர் அப்கிரேடு ஆகும். திரை நீலமாகிச் சதவீதம் ஓடி, இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்து, புதுக்கோலத்தில் வந்து நிற்கும். ஃபைல்கள் எல்லாம் இருக்கும். பின்னணிப் படம்கூட இருக்கும். ஆனால் அணைத்து வைத்திருந்தவை ஒலிக்கும், ஒலிக்க வேண்டியவை மௌனமாகிவிடும். திரும்பச் சரிசெய்தால் அடுத்த அப்கிரேடு வரைக்கும் தாங்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால், லாரி புக்கிங் ஆபீஸ், போர்வெல் ரிக் வண்டிக்காரர் ஆபீஸ், பில் போடும் கடை என்று எங்கும் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. எனவே இந்தத் தொல்லையும் இப்போது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. "நான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் போல" என்று பலரும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. இதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றைப் புரிந்துகொள்ளவும் முடியும்.

இந்தச் சிக்கல் அறிவிப்பு என்ற வசதி பிறந்தபோதே கூடவே பிறந்தது. 1980-இல் வந்த பெர்க்லி யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் 'பிஃப்' என்றொரு சிறு நிரல் இருந்தது. பெர்க்லி கணினித் துறையில் எல்லோருக்கும் பழக்கமாக இருந்த ஒரு நாயின் பெயர் அது. மின்னஞ்சல் வந்தால், நாம் வேலை செய்துகொண்டிருக்கும் திரையிலேயே அதன் முதல் சில வரிகளைக் காட்டி மணியடிப்பது இந்த நிரலின் வேலை. வேண்டும் என்றால் ஒரு கட்டளை, வேண்டாம் என்றால் இன்னொரு கட்டளை. அந்த விருப்பத்தை எங்கே எழுதி வைத்தார்கள் என்பதுதான் சுவாரசியம். யூனிக்ஸில் ஒவ்வொரு திரைமுனையமும் ஒரு ஃபைலாகவே கருதப்படும். ஃபைலுக்குப் படிக்க, எழுத, இயக்க என்று அனுமதிக் குறிகள் உண்டு. திரைமுனையத்தை யாரும் நிரலாக இயக்கப் போவதில்லை. ஆகவே 'இயக்க' என்ற குறி சும்மா கிடந்தது. அதை எடுத்து, அறிவிப்பு வேண்டும் என்பதற்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அடுத்த முறை உள்ளே நுழையும்போது, லாகின் நிரல் அந்த முனையத்தின் அனுமதிகளைப் புதிதாக எழுதிவிடும், குறி அழிந்துவிடும். அதனால் பயனர்கள், நுழைந்ததும் தானாக ஓடும் கட்டளை ஃபைலில் இந்தக் கட்டளையையும் எழுதி வைத்துக்கொண்டார்கள். விருப்பம் மனிதருடையது, எழுதி வைத்த இடமோ இயந்திரத்தினுடையது. இன்றைக்கும் தொல்லையின் வேர் இதுதான்.

இன்றைய விண்டோஸில் அறிவிப்பு அனுப்பும் ஒவ்வொரு செயலிக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாளப் பெயர் உண்டு. திரையில் நாம் பார்க்கும் பெயர் வேறு, அந்த அடையாளப் பெயர் வேறு. ஒரு செயலியை அணைக்கும்போது, 'இந்த அடையாளப் பெயருக்கு அறிவிப்பு வேண்டாம்' என்றொரு குறிப்பு, ரெஜிஸ்ட்ரி என்னும் பெரிய பதிவேட்டில் பயனருக்கான பகுதியில் ஏறுகிறது. அப்கிரேடின்போது நடப்பது சாதாரண ஒட்டுவேலை இல்லை. புதிய விண்டோஸ் முழுவதுமாகப் புதிதாக வைக்கப்படுகிறது. பழையது தனி ஃபோல்டருக்குள் தள்ளப்பட்டு, வழக்கமாகப் பத்து நாள் கழித்து நீக்கப்படுகிறது. பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்கு எதை எடுத்துப் போவது என்பதற்கு நிறுவனத்தார் எழுதிய பட்டியல் உண்டு. அதில் உள்ளது வந்து சேரும். இல்லாதது வராது.

பட்டியலில் இருந்தாலும் சில சமயம் பயன் இருக்காது. நம் ஊர்களில் பல வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். நகராட்சி எண்ணை மாற்றினாலும் தபால் வந்து சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. செயலிகளுக்கு எண் மாறும்போது இந்தப் பலகையை யாராவது எழுதினால்தான் உண்டு. விண்டோஸோடு வந்துகொண்டிருந்த மெயில் செயலியை மைக்ரோசாஃப்ட் 2024 முடிவில் கைவிட்டு, புதிய அவுட்லுக்குக்கு எல்லோரையும் மாற்றியது. பார்ப்பவருக்கு அதே மின்னஞ்சல்தான், விண்டோஸுக்கோ முன்பின் தெரியாத புதிய செயலி. மெயிலுக்கு 'சத்தம் வேண்டாம்' என்று எழுதியிருந்த குறிப்பு பழைய எண்ணுக்கு வந்த கடிதம் மாதிரி கிடக்கும். புதியவர் பெயரில் குறிப்பு எதுவும் இல்லாததால் கம்பெனி வைத்த இயல்புநிலைதான் செல்லும். அந்த இயல்புநிலை பெரும்பாலும் 'ஒலி'.

இலவச மென்பொருள் உலகமும் இதற்கு விலக்கில்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் மையம் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. அதே 2011 ஏப்ரலில்தான், லினக்ஸில் பரவலாக இருந்த க்னோம் மேசைச்சூழல் இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்குத் தாவியிருந்தது. டெபியனுக்கு அந்த மாற்றம் 2013 மே மாதம் வந்து சேர்ந்தது. பழைய க்னோம், விருப்பங்களை ஜிகான்ஃப் என்ற முறையில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு ஃபோல்டராக, கண்ணால் படிக்கக்கூடிய ஃபைல்களில் வைத்திருந்தது. புதிய டிகான்ஃப் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், இயந்திரம் வேகமாகப் படிக்கும் வடிவத்தில் வைத்தது. இடம் மாற்றித் தர ஒரு கருவியும் வந்தது. ஆனால் 'பழைய பெயர் இது, புதிய பெயர் இது' என்று செயலியை எழுதியவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தவற்றை மட்டுமே அது கொண்டுபோனது. எழுதாமல் விட்டவை பழைய ஃபோல்டரிலேயே தங்கின. அழியவில்லை, கேட்க ஆளில்லாமல் போயின. ஒரே ஒரு வரிதான் குறை. அந்த வரியை எழுதும் வேலைக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு, பலரும் கவனிக்காதது. இயல்புநிலையிலிருந்து நாம் மாற்றியதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் நிறைய. லினக்ஸின் கேடிஇ சூழலில், நாம் தேர்ந்தெடுத்ததும் அந்தச் சூழலின் இயல்புநிலையும் ஒன்றாக இருந்தால், அந்தப் பதிவையே நீக்கிவிடும் வழக்கம் உண்டு. இடம் மிச்சம், ஃபைலும் சுத்தமாக இருக்கும். ஆனால் 'இதை நான் யோசித்துத்தான் இப்படி வைத்தேன்' என்பதும், 'இதை நான் தொட்டதே இல்லை' என்பதும் கம்ப்யூட்டருக்கு ஒன்றாகிவிடுகின்றன. அடுத்த பதிப்பில் இயல்புநிலையை மாற்றினால், யோசித்து வைத்தவரின் முடிவும் சேர்ந்தே மாறும். ஒருவர் எதையும் இழந்த மாதிரி எந்தப் பதிவிலும் தெரியாது.

இந்தச் சிக்கலை நல்ல முறையில் கையாண்டதும் உண்டு. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8, ஒரே செயலியின் அறிவிப்புகளையும் வகை வகையாகப் பிரித்தது. வங்கிச் செயலியில் பணப்பரிமாற்றம் ஒரு வகை, விளம்பரம் இன்னொரு வகை. வகையைச் செயலி உருவாக்கலாம்; உருவாக்கிய பிறகு அதன் சத்தத்தைக் கூட்டும் உரிமை செயலிக்குக் கிடையாது, போன் வைத்திருப்பவருக்கு மட்டுமே. நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும், நாம் முன்பு வைத்த அமைப்பே திரும்ப வந்து உட்காரும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-லும் இதே கவனம் தெரிந்தது. புதிதாக நிறுவும் செயலி, அறிவிப்பு அனுப்ப முதலில் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய போனை அந்தப் பதிப்புக்கு ஏற்றியபோது, ஏற்கெனவே நாம் அணைத்து வைத்திருந்த செயலிகள் அணைந்தபடியே இருக்க வழி செய்திருந்தார்கள். ஆக, மனமிருந்தால் செய்ய முடிகிற காரியம்தான் இது.

மனம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நாம் வாயடைத்த வகையைச் செயலி நீக்கிவிட்டு, வேறு பெயரில் புதுவகை ஒன்றைத் தொடங்கினால், அது ஒலியோடு பிறக்கும். இதைத் தடுக்கவே ஆண்ட்ராய்டு ஒரு செயலி எத்தனை வகைகளை நீக்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையை அதன் அறிவிப்புப் பக்கத்தின் அடியில் காட்டுகிறது. அந்த எண் ஏறிக்கொண்டே போனால், அப்டேட்டின்மேல் பழிபோட வேண்டியதில்லை, செயலியையே சந்தேகிக்கலாம்.

விருப்பத்தை எங்கே எழுதி வைக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்ட நம் நாட்டிலேயே நல்ல எதிர் உதாரணம் உண்டு. விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் வேண்டாம் என்று 1909-க்குச் சொல்லிப் பதிவு செய்கிறோமே, அந்த விருப்பம் நம் போனில் இருப்பதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, எண்ணோடு சேர்த்துத் தொலைபேசி நிறுவனங்களின் பதிவில் இருக்கிறது. போனை மாற்றினாலும், ஃபார்மேட் அடித்தாலும் அது அசைவதில்லை. அதை மீறித் தொல்லை கொடுப்பவர்கள் உண்டு. அது வேறு வழக்கு. பதிவு மட்டும் நிலைத்து நிற்கிறது.

ஒன்றை மட்டும் அணைக்கவே வேண்டாம் என்பேன். மேட்டூர் அணை நிரம்பினால் காவிரியில் உபரிநீர் திறக்கிறார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த ஆண்டுகள் உண்டு. 2024 ஜூலை இறுதியிலும் அணை 120 அடியைத் தொட்டது. அத்தகைய நேரத்துக்காக, குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் எண் பார்க்காமல் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையை இந்திய அரசு 2023-இல் சோதித்துப் பார்த்தது. பெரிய ஒலியோடு திரையை மறைத்துக்கொண்டு வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். இந்த அவசர எச்சரிக்கைக்கான அமைப்பு, செயலி அறிவிப்புகளோடு சேராமல் தனிப் பக்கத்தில் இருக்கும். போனை அப்கிரேடு செய்தால் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். அப்கிரேடுக்கு முன் அறிவிப்பு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விடப் பயன் தரும். விண்டோஸ் 11-இல் அந்தப் பக்கத்தின் அடியில் கூடுதல் அமைப்புகள் என்றொரு பகுதி உண்டு. அப்டேட்டுக்குப் பிறகு வரவேற்புக் காட்சி காட்டுவது, கம்ப்யூட்டர் அமைப்பை முடிக்கச் சொல்லி நச்சரிப்பது, யோசனை சொல்வது ஆகிய மூன்றுக்கும் டிக் குறிகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டாலே பாதிச் சத்தம் குறையும். இணையதளங்களின் அறிவிப்பை மட்டும் விண்டோஸ் பக்கத்தில் தேடக் கூடாது. எந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்தோம் என்பது குரோமுக்குள் இருக்கிறது. விண்டோஸுக்கு அத்தனையும் 'குரோம்' என்ற ஒரே பெயரில்தான் தெரியும். விண்டோஸில் குரோமையே அணைத்துவிட்டால், பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஊமையாகும். பெரிய அப்கிரேடு முடிந்த முதல் ஒரு மணி நேரம், விண்டோஸ் 11 தானாகவே 'தொந்தரவு வேண்டாம்' நிலைக்குப் போகும் ஒரு விதியும் உண்டு. அந்த நேர அமைதியைப் பார்த்து எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது என்று எண்ணவும் வேண்டாம், எல்லாம் கெட்டுவிட்டது என்று கலங்கவும் வேண்டாம்.

கடைசியாக, சர்வீஸ் கடையில் கேட்க வேண்டிய கேள்வி. அப்கிரேடுக்குக் கொடுத்தால் பல கடைகளில் வேலை சுலபம் என்று முழுதாக ஃபார்மேட் அடித்து, ஃபைல்களை மட்டும் திரும்ப ஏற்றித் தருவார்கள். அப்படிச் செய்தால் மேலே சொன்ன பட்டியல், இடமாற்றம் எதுவுமே நடப்பதில்லை. விருப்பங்கள் அத்தனையும் பூஜ்யத்திலிருந்துதான். "பழையதுக்கு மேலேயே ஏத்துவீங்களா, ஃபார்மேட் அடிப்பீங்களா?" என்று மெஷினைக் கொடுக்கும் முன்பே கேட்டுவிடலாம். டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய மெஷின்களை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏற்பதில்லை. புதிது வாங்கத்தான் சொல்வார்கள். புது மெஷின் பெட்டியைப் பிரிக்கும்போது, செல்போனில் எடுத்து வைத்த அந்தப் படங்கள் பக்கத்தில் இருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடலாம்.