உதவித்தொகைக்குப் பதில் ஒரு கார்

1970-களின் நடுப்பகுதி வரை, நடக்க இயலாதவர்களுக்கு பிரிட்டன் அரசு கொடுத்துவந்த வண்டியின் பெயர் ‘இன்வாகார்’. வெளிர்நீல நிறம், மூன்று சக்கரம், கண்ணாடியிழைக் கூடு, உள்ளே ஒரே ஓர் இருக்கை. கால் விளங்காத ஒரு தாய்க்கு வண்டி கிடைத்தாலும் குழந்தையை அதில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போக முடியாது. கணவர் தனியாகப் பஸ் பிடித்து வந்து சேர வேண்டும். தானே ஓட்ட முடியாதவர்களுக்கு அந்த வண்டியும் கிடையாது. பலமாகக் காற்றடித்தால் தள்ளாடும் என்ற புகார் வேறு. 2003-ல் அவை பொதுச்சாலைகளில் ஓடுவதற்கே தடை வந்தது.

வண்டிக்குப் பதிலாகப் பணமாகவே கொடுக்கலாம் என்று 1976-ல் பயண உதவித்தொகை தொடங்கியது. நல்ல மாற்றம்தான். ஆனால் வாராவாரம் கைக்கு வரும் சிறு தொகையைச் சேர்த்து எவரும் கார் வாங்கிவிட முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க 1977-ல் ஆர்னால்ட் குட்மேன், ஜெஃப்ரி ஸ்டெர்லிங் இருவரும் உருவாக்கியதுதான் ‘மோட்டபிலிட்டி’. உதவித்தொகையைப் பயனாளியின் கைக்கு அனுப்பாமல், நேரே குத்தகை நிறுவனத்துக்கு அனுப்பினால் என்ன? வாடகை தவறாமல் வந்துவிடும் என்ற உறுதி இருந்தால், கடன் கொடுக்க வங்கிகளும் தயங்காது. இத்தனை எளிய யோசனைதான். இன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள். பிரிட்டனில் விற்கும் புதிய கார்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றை வாங்குவது இந்தத் திட்டம்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ‘பிப்’ உதவித்தொகையில் பயணத்துக்கென ஒரு பகுதி உண்டு. அதில் உயர்நிலை வீதம் பெறுபவர்கள் இத்திட்டத்தில் சேரலாம். வருமான வரம்பு இல்லை. 2025-26-ல் அந்த வீதம் வாரத்துக்கு 77.05 பவுண்டு. அதை விட்டுக்கொடுத்தால் மூன்றாண்டுக்குப் புதிய கார் கிடைக்கும். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டியென்றால் புதியதற்கு ஐந்தாண்டு. காப்பீடு, சர்வீஸ், டயர், வழியில் நின்றுபோனால் உதவி எல்லாம் அதற்குள் அடங்கும். எரிபொருள் மட்டும் நம் செலவு. காரைப் பயனாளியேதான் ஓட்ட வேண்டும் என்பதில்லை. மூன்று வயதுக் குழந்தையின் பெயரில் எடுத்துப் பெற்றோர் ஓட்டலாம்.

மாடலைவிட முக்கியம், அதில் செய்யும் மாற்றங்கள். கால் பயன்படாதவருக்கு ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு நெம்புகோல் பொருத்துகிறார்கள்: தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். ஒரு கை அதிலேயே இருப்பதால், மறு கையால் மட்டும் திருப்ப வசதியாக ஸ்டீயரிங்கில் குமிழ் ஒன்று. வலது கால் போனவருக்கு ஆக்சிலரேட்டரை இடப்பக்கம் மாற்றித் தருவார்கள். சக்கர நாற்காலியைத் தூக்கி டிக்கியில் வைக்கச் சிறு கிரேன்கூட உண்டு. தனியாகப் போய் வர வேண்டிய ஒருவருக்கு, வண்டி பயன்படுமா படாதா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

வண்டிகளை வாங்கி வாடகைக்கு விடும் நிறுவனம் நான்கு பெரிய வங்கிகளுக்குச் சொந்தம்; ஆனால் அவை பங்காதாயம் எடுப்பதில்லை. குத்தகை முடிந்த கார்கள் பழைய கார் சந்தைக்குப் போகின்றன. அங்கே விலை நன்றாகப் போனால் உபரி. அப்படிக் குவிந்த பெருந்தொகையும் தலைமை அதிகாரியின் ஊதியமும் 2018-ல் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கண்டனத்துக்கு உள்ளாயின. அந்தக் கண்டனம் நியாயமானதே.

2025-ல் எழுந்த கூச்சலை அப்படிச் சொல்ல முடியாது. அரசுப் பணத்தில் பி.எம்.டபிள்யூவா என்று பத்திரிகைகள் கேட்டன. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி போன்றவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. விலை உயர்ந்த காருக்கு ஆகும் கூடுதல் தொகையைப் பயனாளிதான் திரும்பக் கிடைக்காத முன்பணமாகத் தன் கையிலிருந்து கட்டினார் என்பதைப் பலர் சொல்லவே இல்லை. இத்திட்டத்துக்கான வரிச்சலுகை அரசு தருவது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். ஆனால் அந்த நவம்பர் பட்ஜெட் அறிவித்தபடி 2026 ஜூலையிலிருந்து முன்பணத்துக்கு மதிப்புக்கூட்டு வரியும் குத்தகைக்குக் காப்பீட்டு வரியும் வரும்போது, சாதாரணக் கார் எடுப்பவருக்கும் செலவு கூடும். சக்கர நாற்காலிக்கென வடிவமைத்த வண்டிகளுக்கு மட்டும் விலக்கு.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை 20 மீட்டர் விதி. முன்பு 50 மீட்டர் நடக்க முடியுமா என்று பார்ப்பது வழக்கம். 2013-ல் ‘பிப்’ வந்தபோது அது 20 ஆகச் சுருங்கியது. வரிசையாக நிறுத்திய நான்கைந்து கார்களின் நீளம். உடல் அளவில் அதைத் தாண்டி நடந்துவிடக்கூடியவருக்கு, அதை வைத்து மட்டும் உயர்நிலை வீதம் கிடைக்காது. பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. மதிப்பீட்டின்போது இந்த வரிதான் அடிக்கடி மறக்கப்படுகிறது. மறுமதிப்பீட்டில் வீதம் குறைந்தால் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தீர்ப்பாயம்வரை போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெல்கிறார்கள். அந்தத் தீர்ப்பு வருவதற்குள் காரை இழந்தவர்கள் உண்டு. வழக்குக்கும் மருத்துவமனைக்கும் யாரையாவது கெஞ்சித்தான் போக வேண்டும்.

இன்னொரு கதவு வயதால் மூடுகிறது. ஓய்வூதிய வயதுக்கு முன்பே ‘பிப்’ பெற்றவர் அதன் பிறகும் காரை வைத்துக்கொள்ளலாம். அறுபதில் பக்கவாதம் வந்தவருக்குக் கார் உண்டு. அதே பக்கவாதம் எழுபதில் வந்தவர் பராமரிப்பு உதவித்தொகைக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். அதில் பயணத்துக்கென்று ஒரு பென்னிகூட இல்லை.