புற்றை நம்பிய இருவர்

திண்டிவனம் பக்கம் ராத்திரி இடி இடித்து மழை கொட்டினால், விடிவதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாகக் கிளம்பிவிடுவார்கள், புற்றுக்காளான் தேடி. இடிச் சத்தத்துக்குத்தான் அது முளைக்கிறது என்பது ஊர்ப் பேச்சு. ஆனால் அந்தப் பயிரின் விவசாயி மண்ணுக்குள் இருக்கிறது. அது கறையான்.

காய்ந்த சருகையும் சுள்ளியையும் மென்று தின்று, கழித்த எச்சத்தைக் கொண்டே புற்றுக்குள் கடற்பஞ்சு போல ஓர் அடை கட்டுகிறது கறையான். அதில் பூஞ்சை வளர்கிறது. மரத்தில் எளிதில் செரிக்காத லிக்னினைப் பூஞ்சை சிதைத்துத் தர, கறையானுக்குச் சாப்பாடு ஆகிறது. மழை ஈரம் இறங்கியதும் அந்தப் பூஞ்சை மேலே அனுப்புவதுதான் காளான். குடையின் உச்சியைத் தடவிப் பாருங்கள், ஆணி முனை போலக் கூராக இருக்கும். இறுகிய மண்ணைக் குத்தித் திறப்பது அதுதான். பதமாக இழுத்தால் தண்டுக்குக் கீழே வேர் மாதிரி நீளமாக வரும். அதன் மறுமுனை கறையான் அடையில் இருக்கிறது. இந்த வகையில் ஒன்றான டெர்மிட்டோமைசிஸ் ஹைமிக்கு 1979-ல் பெயரிட்டவர் கே. நடராஜன். சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்த்துவிடலாம். கறையான் இல்லாமல் புற்றுக்காளானை விளைவிப்பது லேசல்ல.

அதே கறையானை நம்பும் இன்னொரு உயிர் தேவாங்கு. கால் கிலோ எடை, வால் இல்லை, முகத்தில் பாதி கண். குரங்குக்குத் தூரத்து உறவு. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்க் காட்டில் இரவிரவாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அதன் முக்கிய இரை எறும்பும் கறையானும் என்று தெரிந்தது. கடிக்கிற பூச்சியைப் பிடிக்கும்போது தன் சிறுநீரையே கையிலும் முகத்திலும் பூசிக்கொள்கிறது!

தேவாங்கைக் காக்க 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் கடவூர் சரணாலயமும் வந்தது. மனசுக்கு நிறைவான செய்தி. காளான் பக்கம் நம் பார்வை இன்னும் திரும்பவில்லை. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகச் செம்பட்டியலில் 2025 மார்ச்சில் பூஞ்சை இனங்கள் 1,300 ஆயின. அவற்றில் குறைந்தது 411 அழியும் ஆபத்தில் இருந்தன. காடு வயலாவதும் வயல் மனையாவதும் முக்கியக் காரணங்கள்.

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு பழைய காடு நிற்கிறது. சாமி காடு என்று வெட்டாமல் விட்டதால் மிஞ்சியது. அந்த மரியாதையை உங்கள் வரப்புப் புற்றுக்கும் கொடுங்கள். காளானைக் கையால் பறியுங்கள், கடப்பாரை போட்டுப் புற்றைத் தோண்டாதீர்கள். அடை சிதைந்தால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் காளான் வராது.