குடும்பத்தின் பேரேடு

காலஞ்சென்ற ஒருவரின் வைப்புத்தொகையை வாரிசுகளுக்கு வழங்கும்போது, அவர்கள் நிரப்பித் தரும் விண்ணப்பத்தில் உறவுமுறையைக் குறிப்பிட வேண்டியிருக்கும். நியமனதாரர் பெயர் முன்பே பதிவாகியிருந்தால் இது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நியமனம் செய்யப்படாத கணக்கு, அதிலும் ஒரு தலைமுறை கடந்துவிட்ட கணக்கு என்றால், குடும்பமே கூடி அமர்ந்து யோசிக்க வேண்டியதாகிறது. இறந்தவருடன் பிறந்தோர் எத்தனை பேர், அவர்களுள் முன்னரே காலமானவர் எவர், அவருடைய மக்கள் எங்கே இருக்கின்றனர் என்ற வினாக்களுக்கு ஒரே நாளில் விடை கிடைப்பது அரிது. பாட்டனார் பெயரைத் தயங்காமல் சொல்பவர்கூட, அந்தப் பாட்டனாரின் தமக்கை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்.

முன்னோரைத் தேடுவது ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்று பலரும் எண்ணுகின்றனர். எங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்து பார்த்தால் அது அவ்வளவு இலேசான காரியமாகத் தோன்றவில்லை. சொத்துரிமையும் சில வேளைகளில் குடியுரிமை சார்ந்த சலுகைகளும் எங்கோ ஒரு பழைய ஏட்டில் எழுதப்பட்ட ஒரு வரியை நம்பியே நிற்கின்றன.

அந்த வரியைத் தேடுவதில் நம் நாட்டவருக்கு ஒரு குறை உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது வீடுவீடாக நிரப்பப்பட்ட படிவங்கள், பிரிட்டனில் 100 ஆண்டுகளுக்குப் பின்னும் அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்குப் பின்னும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்படுகின்றன. அந்நாடுகளில் குடும்ப வரலாறு எழுதுவோர் முதலில் நாடுவது அவற்றைத்தான். இந்தியாவில் 1881 முதல் முறையான கணக்கெடுப்பு நடந்து வந்தபோதும், 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிவங்களை எவரும் பார்வையிட முடியாது. ஆகவே, வேறு காரணங்களுக்காக வேறு எவரோ எழுதி வைத்த ஏடுகளையே நாம் நாட வேண்டியுள்ளது.

அவற்றுள் தலையாயவை ஹரித்துவாரில் உள்ள 'பஹி' எனப்படும் பதிவேடுகள். கங்கைக் கரையில் ஹர் கீ பௌடியைச் சுற்றிய பகுதிகளில் தீர்த்தப் புரோகிதர்களான பண்டாக்கள் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். நீண்டு குறுகிய தாள்களைக் கட்டி, துணியில் சுற்றி வைத்த கணக்குப் புத்தகங்களைப் போல இவை தோன்றும். அஸ்தி கரைக்கவோ நீராடவோ ஹரித்துவாருக்கு வரும் ஒருவர் தம் குடும்பத்துக்குரிய பண்டாவைக் கண்டுபிடித்தால், அவர் அக்குடும்பத்தின் ஏட்டை எடுத்து விரிப்பார். இதற்கு முன் வந்தவர் எவர், எந்த ஆண்டில், எதற்காக வந்தார், அப்போது அவருக்கு எத்தனை மக்கள், அவர்களின் பெயர் என்ன என்பன அதில் இருக்கும். பாட்டனார் தம் கையால் இட்ட ஒப்பத்தையும் காணலாம். படித்து முடித்தபின், புதிதாக நிகழ்ந்த பிறப்புகளையும் திருமணங்களையும் இறப்புகளையும் சேர்த்து எழுதி, வந்தவரும் ஒப்பமிட்டுச் செல்வது வழக்கம்.

குடும்பத்துக்குரிய பண்டாவைக் கண்டுபிடிப்பதற்கு வழிகாட்டி ஊர்ப் பெயர்தான். இன்று டெல்லியில் வசிக்கிறோம், மும்பையில் வசிக்கிறோம் என்று சொல்வதால் பயனில்லை. முன்னோர் எந்த மாவட்டத்தில் எந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர், எந்தச் சமூகத்தவர் என்பதே கேட்கப்படும். 1947இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு இந்த முறை அளித்த ஆறுதல் சிறிதன்று. லாகூரிலும் முல்தானிலும் இருந்த வீடும் நிலமும் பத்திரங்களும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. ஆயினும் ஹரித்துவாரின் ஏட்டில் அந்தக் கிராமத்தின் பெயரின் கீழ் அக்குடும்பம் இன்னும் இருக்கிறது.

பண்டாக்கள் இவற்றை இவ்வளவு கவனத்துடன் காத்ததற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், உரிமை மற்றொரு காரணம். ஒரு குடும்பத்துக்குச் சடங்கு செய்து தட்சிணை பெறும் உரிமை எந்தப் பண்டாவுக்கு உரியது என்ற வழக்கு எழுந்தால், அக்குடும்பத்து முன்னோரின் கையெழுத்து எவருடைய ஏட்டில் உள்ளது என்பதே தீர்ப்பாகும். தந்தையின் ஏடுகள் மக்களுக்குச் சொத்தாகவே பிரிக்கப்படுகின்றன. எங்கள் தொழில்மொழியில் சொல்வதானால், பஹி என்பது வாடிக்கையாளர் பேரேடு. அது பிறருடைய குடும்ப வரலாறாகவும் ஆனது நம் நற்பேறு. இந்த ஏடுகளில் பலவற்றை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மரபுவழி ஆய்வுச் சங்கம் 1970களின் பிற்பகுதியிலிருந்து நுண்படச்சுருளில் பதிவு செய்துள்ளது. கயை, பிரயாக்ராஜ், குருக்ஷேத்திரம் ஆகிய தலங்களிலும் இவ்வகைப் பதிவுகள் உண்டு. நம் வீட்டுப் பெரியோர் எவரேனும் கயைக்குச் சென்று சிராத்தம் செய்தவராயின், எந்தப் பண்டாவிடம் செய்தார் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நன்று.

பீகாரின் மிதிலைப் பகுதியில் நிலவும் 'பஞ்சி' வேறொரு நோக்கில் பிறந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னாட மரபைச் சேர்ந்த ஹரிசிம்மதேவர் காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட இந்த வம்சாவளிப் பதிவு, நெருங்கிய இரத்த உறவினருக்குள் திருமணம் நிகழாமல் தடுப்பதற்காக ஏற்பட்டது. தந்தை வழியில் 7 தலைமுறை, தாய் வழியில் 5 தலைமுறை வரை உறவு உண்டா என்று பஞ்சிகாரர் ஆராய்ந்து, இல்லையென்றால் மட்டுமே இசைவை எழுதித் தருவார். மதுபனிக்கு அருகில் உள்ள சௌராட் என்னும் ஊரில் மணமகன் தேடுவோர் ஒன்றுகூடும் சபை இதற்குப் பெயர் பெற்றது. அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுடைய நமக்கு இது வியப்பளிக்கலாம். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய் வழியையும் ஆராய வேண்டியிருந்ததால், தாய் எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதைப் பஞ்சி விட்டுவிட இயலவில்லை. ஹரித்துவாரின் ஏட்டிலோ பெண் மணமானதும் கணவன் வீட்டுப் பண்டாவின் ஏட்டுக்குப் போய்விடுகிறாள். எழுதியவரின் தேவை எதுவோ அதுவே ஏட்டில் இருக்கும்; தேடப் புகுமுன் இதனை மனத்தில் கொள்வது ஏமாற்றத்தைக் குறைக்கும்.

இன்னொரு வகை ஏடு, அரசும் தோட்ட முதலாளிகளும் கூலியாள் கணக்குக்காக எழுதியது. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்னும் கப்பல் 36 தொழிலாளர்களுடன் மொரீஷியஸை அடைந்தது முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குச் சென்றனர். அவர்கள் கரையிறங்கிய போர்ட் லூயி நகரின் ஆப்ரவாசி காட், 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகிறது. அவர்களைப் பற்றிய பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்தே புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை அங்குச் சென்றோர் 1,52,184 பேர்; அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள்.

இந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தப்பி ஓடினால் அடையாளம் காண்பதற்காகத் தழும்பைக் குறித்தனர் என்பதை எண்ணுகையில் மனம் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே தழும்பைப் படித்துவிட்டுக் கொள்ளுப்பேரர்கள் கண் கலங்குகின்றனர். பீகாரின் பக்சர் மாவட்டத்தில் உள்ள பேலுப்பூர் கிராமத்துக்கு 2012 ஜனவரியில் டிரினிடாட் டொபாகோ பிரதமர் கமலா பெர்சாத் பிஸ்ஸேஸர் வந்து தம் முன்னோரின் மண்ணைத் தொட்டது செய்திகளில் இடம்பெற்றது. இப்பதிவுகளுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. இந்திய வம்சாவளி மொரீஷியஸ் மக்களுக்கு ஏழாம் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வழங்க 2024இல் இந்திய அரசு சிறப்பு ஏற்பாடு செய்தது. ஏழு தலைமுறையை மெய்ப்பிக்கக் கப்பல் பட்டியலை விட்டால் வேறு எதனை நாடுவது?

இவற்றைப் படிப்பதில் உள்ள இடர், பெயர்களின் எழுத்து. தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். சில பட்டியல்களில் ஊர்ப் பெயரும் மாவட்டப் பெயரும் அடையாளம் தெரியாதபடி உருமாறியுள்ளன. பெயரை வாய்விட்டு உரக்கப் படித்துப் பார்த்தால் பல வேளைகளில் அசல் வடிவம் பிடிபட்டுவிடும்.

தமிழ்நாட்டில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இவை அனைத்தையும்விட அருகில் இருப்பது வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரக்கட்டு. வீட்டுக்கடனுக்கு ஈடாக மூலப்பத்திரங்கள் எங்களிடம் வரும்போது, அவற்றில் சொத்தின் வரலாற்றோடு குடும்பத்தின் வரலாறும் வந்து சேர்கிறது. இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்ற பழைய வாசகமே இரண்டு தலைமுறையைச் சொல்லிவிடும். பாகப்பிரிவினைப் பத்திரமாயின் உடன்பிறந்தோர் அனைவரும் வரிசையாக நிற்பர். விற்பனைப் பத்திரங்களில் பெரும்பாலும் தலைகாட்டாத மகள்கள், விடுதலைப் பத்திரத்தில் தோன்றுகின்றனர். தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் நாளில்தான் பல பெண்களின் பெயர் முதன்முறையாக ஏடேறியிருக்கிறது என்பது நாங்கள் அடிக்கடி கண்டு வருந்துவது. 1989இல் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தமும், நாடு முழுமைக்குமாக 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமும் இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பங்குரிமை அளித்தன. ஆகவே வம்சாவளி எழுதுவோர் அத்தைமார்களை விட்டுவிட்டு எழுதினால் அது அன்பின் குறை மட்டுமன்று, கணக்கின் குறையுமாகும்.

நம் பெயர்முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் 'பெயரன்' எனப்பட்டு அது பேரன் என மருவியது. முத்துவின் மகன் இராமசாமி, அவர் மகன் முத்து, அவர் மகன் இராமசாமி என்று வைத்துக்கொள்வோம். பாட்டனாரும் மு. இராமசாமி, பேரனும் மு. இராமசாமி. பட்டாவிலும் பழைய கணக்கிலும் இருவரும் ஒருவராகவே தோன்றுவர். ஆண்டும், மனைவியின் பெயரும், வீட்டு எண்ணும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். சில குடும்பங்களில் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் முன்னே நிற்கும். அதனைக் கழித்துவிடாமல் குறித்து வைத்தால், குடும்பம் எங்கிருந்து பெயர்ந்து வந்தது என்பதற்கு அதுவே சான்றாகும். வீட்டில் பத்திரம் இல்லாதோர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் நகலும் கோரலாம். இன்னும் பின்னே செல்ல விரும்புவோருக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

இவ்வாறு திரட்டிய செய்தியை நீதிமன்றம் ஏற்குமா என்று கேட்போர் உண்டு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 32ஆம் பிரிவில், காலமானவர் உறவுமுறை குறித்து விட்டுச்சென்ற கூற்றுகளுக்கு இடமளித்தது. உயில், குடும்ப வம்சாவளி, கல்லறைக் கல், குடும்ப ஓவியம் ஆகியவற்றில் எழுதப்பட்டவையும் அதில் அடங்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 26ஆம் பிரிவும் அதனையே தொடர்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அக்கூற்று, வழக்குக்குக் காரணமான தகராறு எழுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். வணிகவியல் பயின்ற எங்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. வங்கியின் பேரேட்டுப் பதிவின் சான்றிட்ட நகலை 1891ஆம் ஆண்டுச் சட்டம் சாட்சியமாக ஏற்பதும் இதே நியாயத்தால்தான். அன்றாட வேலையின் ஊடே, எவருக்கும் சாதகம் கருதாமல், அன்றன்றே எழுதப்பட்ட வரிக்கு மதிப்பு அதிகம். தகராறு தொடங்கிய பின் எழுதப்படும் குடும்ப மரம் எத்துணை அழகாக வரையப்பட்டிருந்தாலும் அந்த மதிப்பைப் பெறாது.

எனவே வீட்டில் முதியோர் இருக்கும்போதே, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி, தேதியிட்டு, அவர்களிடமே ஒப்பம் பெற்று வைக்கலாம். பிறந்த ஊர், பிறந்த வீட்டார் பெயர், பெண் கொடுத்த ஊர், குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர், குடியிருந்த வீடுகளின் முகவரி ஆகியவை முதலில் இடம்பெறட்டும். பிறந்த தேதி தெரியாவிட்டால், எந்தப் புயலுக்கு முன், எந்தத் தேர்தலுக்குப் பின் என்று கேட்டாலே ஆண்டு கிடைத்துவிடும்.

முகவரியைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 10 ஆண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புத்தொகைகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் வைப்புதாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடுகின்றன. அதனால் உரிமை அழிவதில்லை. வைப்புதாரரோ அவருடைய வாரிசுகளோ கணக்கு இருந்த வங்கியை அணுகி எப்போது வேண்டுமானாலும் கோரலாம். இத்தகைய தொகைகளைத் தேடுவதற்காக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. கணக்குதாரரின் பெயருடன் நிரந்தரக் கணக்கு எண், பிறந்த தேதி போன்ற ஒரு விவரத்தையும் தந்து அதில் தேட வேண்டும். காலஞ்சென்ற பாட்டனாருக்கு நிரந்தரக் கணக்கு எண் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் அந்நாளில் குடியிருந்த தெருவின் பெயரும், தம் பெயரை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதினார் என்பதும் தெரிந்தால் தேடல் எளிதாகும். கிடைத்த விவரத்தின் அச்சுப்படியுடன், இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு உரிய கிளைக்குச் செல்லலாம்.